எங்களிடம் இருந்த ஒரே பெங்களூர் எண்

மலேசியாவிலிருந்து கல்யாணப் புடவை எடுக்க இந்தியாவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் சென்னைக்குத்தான் போவார்கள். நாங்கள் பெங்களூருக்குப் போனதற்கு என் கணவரின் உடம்பு வாகுதான் காரணம். ஈப்போவில் பிறந்து வளர்ந்த மனிதர்தான், ஆனால் சென்னை வெயில் என்று பேச்செடுத்தாலே கைக்குட்டையைத் தேட ஆரம்பித்துவிடுவார். பெங்களூரில் குளுகுளுவென்று இருக்கும், பட்டும் நன்றாகக் கிடைக்கும் என்று யாரோ சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பேருந்து இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் ஈப்போவில் அவரைத் தெரிந்தவர்களுக்கு அது தெரியாது. எங்கள் பக்கத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் மேடையில் மைக்கைப் பிடிப்பவர் அவர்தான். மாப்பிள்ளையைப் போல நடந்து காட்டுவார், சம்பந்தியம்மாவைப் போலப் பேசிக் காட்டுவார், சாப்பாட்டுப் பந்தி தாமதமானால் அரை மணி நேரம் மண்டபத்தையே சிரிக்க வைத்து ஓட்டிவிடுவார். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பேசியவர், எங்கள் ஒரே மகள் கவிதாவின் கல்யாணத்தில் என்ன பேசுவது என்று மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். குளியலறையில் பேசுவார், காரில் பேசுவார், சிவப்பு விளக்கு விழுந்தால் கையையும் ஆட்டிப் பேசுவார். நான் தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்தவள். கட்டிய நாளிலிருந்து என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார்.

பெங்களூரில் எங்களுக்கு ஒரே ஓர் உறவு இருந்தது. இவருடைய தாத்தாவும் அவர் தம்பியும் வட ஆற்காட்டிலிருந்து கிளம்பியவர்கள். அண்ணன் மலாயாவுக்கு ரப்பர் வெட்டப் போனார், தம்பி கோலாருக்குத் தங்கம் வெட்டப் போனார். தம்பி வழியில் வந்தவள் மல்லிகா, இவருக்குத் தங்கை முறை. சுரங்கம் மூடிய பிறகு குடும்பம் பெங்களூருக்கு வந்துவிட்டது. அவள் ஒரு தனியார் பள்ளியில் கிளார்க், ஈஜிபுராவில் வாடகை வீடு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வாட்ஸப்பில் பேசிக்கொள்வோம். "அண்ணா, பெங்களூர் எப்ப வரீங்க?" என்று கேட்காமல் போனை வைத்ததில்லை.

நாங்கள் வந்தபோது அவள் கணவர் இறந்து வருஷம் திரும்பியிருக்கவில்லை. சாவுக்குப் போக முடியவில்லை. போனில் அழுதோம், அவ்வளவுதான். எப்படி ஆச்சு என்பதை நேரில்தான் கேட்க வேண்டும் என்று விட்டுவிட்டோம். இதில் ஒரு சிக்கல் இருந்தது. தமிழ்க் குடும்பத்தில் பிறந்த யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. முதலில் துக்கம் கேட்காமல் அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது. மகளுக்கு முகூர்த்தப் புடவை எடுக்கக் கிளம்பிய காலோடு துக்க வீட்டு வாசலை மிதிக்கவும் முடியாது.

ஆகவே நான் ஓர் ஏற்பாடு செய்தேன். முதலில் புடவை. எல்லாம் முடிந்து ஊருக்குக் கிளம்பும் நாளில், விமான நிலையத்துக்குப் போகிற வழியில் மல்லிகா வீடு. போய் உட்கார்ந்து, துக்கம் கேட்டு, முறைப்படி "வரேன்" என்று சொல்லாமல் எழுந்து வந்துவிடுவது. அதுவரை நாங்கள் வந்திருப்பதே அவளுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் ஓடி வருவாள். வந்தால் புடவையைக் காட்டாமல் இருக்க முடியாது. காட்டினால் அவள் கை அதில் படும். இதை எழுதும்போது எனக்கே கூசுகிறது. அப்போது கூசவில்லை, கெட்டிக்காரத்தனமாகத்தான் தோன்றியது.

இவருக்கு அது பிடிக்கவில்லை. "என்னா லா டீச்சர், நம்ம தங்கச்சி அது. ஒளிஞ்சி ஒளிஞ்சி போறதுக்கு நாம என்ன திருடனா?" என்றார். பெண் கல்யாணம் நல்லபடி நடக்க வேண்டாமா என்று ஒரே கேள்வி கேட்டேன். இந்த மாதிரி விஷயங்களில் எங்கள் வீட்டில் எப்போதும் நான்தான் ஜெயிப்பேன்.

கோரமங்களாவில் அறை. முதல் நாள் சாப்பாட்டிலேயே போனது. இந்த ஊரில் நின்றுகொண்டே சாப்பிடும் சின்னச் சின்ன ஓட்டல்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. மார்பளவு உயரத்துக்கு மேசை, நாற்காலி கிடையாது. ஈப்போவில் ரொட்டி சானாயை ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகிய எங்களுக்கு, இது பேருந்தைப் பிடிக்கப் போகிறவர்களின் சாப்பாடாகப் பட்டது. தோசைக்குள்ளே சிவப்புச் சட்னி தடவியிருந்தார்கள். சாம்பாரில் இனிப்பு. "யாரு லா இதுல சீனிய கொட்டினது?" என்று சமையல்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்துக் கேட்டார் இவர். உள்ளே இருந்தவர் சேலத்துக்காரர். சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி ஊற்றினார்.

இவருக்கு மிகவும் பிடித்துப்போனது 'பை டூ' காபி. ஒரு காபியை இரண்டு தம்ளரில் பிரித்துக் கொடுப்பது இங்கே வழக்கம். கேட்பவரும் வெட்கப்படுவதில்லை, கொடுப்பவரும் முகம் சுளிப்பதில்லை. பக்கத்து மேசையில் இரண்டு வயதானவர்கள் அப்படி ஒரு காபியை வைத்துக்கொண்டு கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசுகிறார்கள் என்று இவர் சேலத்துக்காரரைக் கேட்டார். "மகன் அமெரிக்காவிலிருந்து தினம் பேசுகிறான், ஆனால் நேற்று கேஸ் சிலிண்டரைத் தூக்கி வைத்தது நீதான் என்று ஒருவர் மற்றவரிடம் சொல்கிறார்" என்று அவர் மொழிபெயர்த்தார். இவர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். அறைக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தக் கிழவரின் குரலில் தனக்குத் தெரியாத கன்னடத்தைப் பேசிக்கொண்டே வந்தார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

இரண்டாம் நாள் சிக்பேட்டைக்குக் கிளம்பினோம். ஆட்டோவைக் கைப்பேசியில் பதிவு செய்து, அதில் வரும் எண்ணை ஓட்டுநரிடம் சொல்ல வேண்டும் என்று கவிதா பாடம் நடத்தி அனுப்பியிருந்தாள். வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றதும் ஏறி உட்கார்ந்துவிட்டோம். எண்ணை நாங்களும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. வெகு தூரம் போய், மரங்கள் அடர்ந்த தெருக்களும் பழைய பங்களாக்களும் ஒரு தேவாலயமும் வந்த பிறகுதான் இது என்ன ஊர் என்று கேட்டேன். ரிச்சர்ட்ஸ் டவுன் என்றார். அதே நேரம் அவர் போன் அடித்தது. அந்த ஆட்டோவைப் பதிவு செய்த பெண்மணி கோரமங்களாவில் எங்கள் வாசலிலேயே நின்றுகொண்டு அவரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

ஓட்டுநர் பொம்மனஹள்ளிக்காரர், நல்ல தமிழ் பேசினார். "பரவால்ல விடுங்கக்கா, சர்ச்சாவது பாத்தீங்கல்ல" என்று எங்களையே சமாதானப்படுத்திவிட்டு, சிக்பேட்டை வரை கொண்டுபோய் விட்டார். இந்த ஊரில் உங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களா என்று வழியில் கேட்டார். இவர் வாயைத் திறப்பதற்குள் யாரும் இல்லை என்று நான் சொல்லிவிட்டேன்.

சிக்பேட்டையில் சந்துகள் எல்லாம் பட்டுதான். வெள்ளை மெத்தையில் உட்கார வைத்து, கேட்டது கேட்காதது எல்லாவற்றையும் பிரித்துப் போடுகிறார்கள். முதலில் எடுத்துக் காட்டிய அரக்கு நிறப் புடவையைத்தான் கடைசியில் எடுத்தோம். இடையில் ஒரு மலைபோலக் குவிந்துவிட்டது. விற்பனையாளரின் கையசைவையும், "மேடம், இந்த பார்டர் பாருங்க மேடம்" என்ற இழுவையையும் இவர் அவரிடமே செய்து காட்ட, கடைக்காரர்களெல்லாம் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்று சிரித்தார்கள். கல்லாவில் இருந்தவர்கூட எட்டிப் பார்த்தார். இவர் முழுசாகப் பேசி நான் கேட்ட கடைசி நிகழ்ச்சி அதுதான். அன்று அது எனக்குத் தெரியாது. சத்தத்தைக் குறையுங்கள் என்று கிள்ளிக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது போக்குவரத்து நெரிசல் என்று ஆட்டோ வேறு வழியில் போனது. மேம்பாலத்துக்காக நட்ட தூண்கள் வரிசையாக நின்றன. அவற்றுக்குக் கீழே நெருக்கமாகக் கடைகள். தள்ளுவண்டிகளில் பேசுகிறவர்கள் எல்லாம் தமிழ். ஒரு பெயர்ப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்த இவர், "டீச்சர், ஈஜிபுரா. நம்ம மல்லிகா வீடு இங்கதான்" என்றார். நான் புடவைப் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன். ஐந்து நிமிஷத்தில் எங்கள் அறை வந்துவிட்டது. இவ்வளவு பக்கமா என்று எனக்குத் திக்கென்றது. கண்ணில் பட்டுவிடப் போகிறாளே என்ற பயம்தான் அது.

மூன்றாம் நாள் காலை அதே ஓட்டலில் அதே பை டூ காபி. இவர் தம்ளரை எடுத்தார், நழுவியது. சிரித்துக்கொண்டே கரண்டியை எடுத்தார், அதுவும் விழுந்தது. அப்புறம் ஏதோ சொன்னார். சொல் சொல்லாக இல்லை, குழைந்து வந்தது. அந்தக் கன்னடக் கிழவரைப் போலப் பேசிக் காட்டுகிறார் என்று நினைத்தேன். "போதும், எல்லாரும் பாக்கறாங்க" என்று அதட்டினேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்றைக்கும் என்னால் கடக்க முடியவில்லை.

நேற்று முழுக்க அலைந்த களைப்பு, ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, வெறும் வயிற்றில் மாத்திரை போட்டிருப்பார் என்று நானே ஒவ்வொரு காரணமாகக் கண்டுபிடித்தேன். அறைக்கு அழைத்துவந்து, சர்க்கரை கரைத்துக் கொடுத்து, படுக்க வைத்தேன். தூங்கினார். தூங்கினால் சரியாகிவிடும் என்று கதவைச் சாத்திக்கொண்டு தையல்காரரிடம் போனேன். முந்தின நாள் மாலையே புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கக் கொடுத்திருந்தேன். முந்தானைக்குக் குஞ்சமும் கட்டித் தருவதாகச் சொன்னார்கள். எந்த நிற நூல் என்று உட்கார்ந்து பொறுக்கினேன். பச்சையா பொன்னிறமா என்று கவிதாவுக்குப் படம் அனுப்பிக் கேட்டேன். குஞ்சம் கட்டி முடிக்கும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மதியச் சாப்பாட்டையும் வாங்கிக்கொண்டுதான் திரும்பினேன்.

கட்டிலில் பாதி சரிந்து கிடந்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. வலது கையைத் தூக்கச் சொன்னேன், இடது கையால் வலது கையைத் தூக்கிக் காட்டினார்.

கைப்பேசியை எடுத்ததும் என் விரல் தானாகப் போனது ஒன்பது, ஒன்பது, ஒன்பது. ஊரில் பாலர் பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும் எண். இங்கே வாங்கிப் போட்ட சிம்மில் ஒரு பெண் குரல் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் ஏதோ சொல்லிவிட்டு நின்றுபோனது. மறுபடியும் அதையே அடித்தேன். இந்த ஊரில் ஆம்புலன்சுக்கு என்ன எண் என்று எனக்குத் தெரியாது. புடவைக் கடைகளின் பெயரை எல்லாம் விசாரித்துக்கொண்டு வந்தவள், அதை விசாரிக்கவில்லை. கீழே ஓடினேன். வரவேற்பில் யாரும் இல்லை, சாப்பாட்டு நேரம். கவிதாவைக் கூப்பிட்டேன், அவள் அழுதாள். என் அண்ணனைக் கூப்பிட்டேன், அவர் பினாங்கிலிருந்து ஏதேதோ வழி சொன்னார். கடல் தாண்டி இருக்கிற எல்லாரையும் கூப்பிட்டேன். ஐந்து நிமிஷத் தூரத்தில் இருந்தவளை மட்டும் கூப்பிடவில்லை.

கவிதாதான் திரும்பக் கூப்பிட்டுச் சொன்னாள்: "அம்மா, மல்லிகா அத்தை அங்கதானே இருக்காங்க. ஏன் அவங்களக் கூப்பிடல?"

அப்போதும் தயங்கினேன். இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையே பொய். அவர் அப்படிக் கிடக்கும்போதும், புடவைப் பை கட்டில்மேல் இருக்கிறதே, அவள் உள்ளே வருவாளே என்று ஒரு நினைப்பு ஓடியது. அதன் பிறகுதான் எண்ணைத் தொட்டேன்.

போனின் முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்தாள். நான் முழுக்கச் சொல்லவில்லை, அண்ணனுக்கு வாய் கோணிவிட்டது என்று மட்டும் சொன்னேன். எப்போது வந்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை. "எங்க இருக்கீங்க அண்ணி?" என்றாள். இடத்தைச் சொன்னேன். "தண்ணி கிண்ணி எதுவும் குடுக்காதீங்க. ஒருச்சாய்ச்சி படுக்க வெய்ங்க. ஆம்புலன்சுக்கு நான் பண்றேன். எந்த ஆஸ்பத்திரின்னு நான் சொல்றேன், வேற யாரு சொன்னாலும் ஒத்துக்காதீங்க." பள்ளிக்கூடத்திலிருந்து அப்படியே வந்தாள், கழுத்தில் அடையாள அட்டையோடு. ஆம்புலன்சுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டாள்.

அண்ணா என்று ஒரு முறைதான் கூப்பிட்டாள். பிறகு வேலைதான். பாஸ்போர்ட், மாத்திரை டப்பா, அவருடைய மூக்குக் கண்ணாடி, செருப்பு என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்து ஒரு பையில் போட்டாள். ஸ்ட்ரெச்சரைக் கட்டில் பக்கம் கொண்டுவந்தார்கள். கட்டில்மேல் இருந்த கடைப் பையை அந்தப் பக்கம் வையுங்கள் என்று அவளிடம் சொன்னார்கள். அவள் கையை நீட்டினாள், பாதியில் நிறுத்தினாள். "அத நீங்க எடுத்துக்கங்க அண்ணி" என்றாள். அந்தக் குரலில் குத்தல் எதுவும் இல்லை. அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்று எனக்கு அப்போது புரிந்தது. பையை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் பெண் கேட்ட முதல் கேள்வி, கடைசியாக இவர் எப்போது சரியாக இருந்தார் என்பது. காலைக் காபிக்கு முன்பு என்றேன். அவர் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். காலையிலேயே வந்திருந்தால் ஓர் ஊசி போட்டுப் பார்த்திருக்கலாம், இனி அதைப் போடக் கூடாது என்று நிதானமாகச் சொன்னார். உயிருக்குப் பயமில்லை, கை கால் ஓரளவு வரும், பேச்சைப் பற்றி மட்டும் இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார். கை போனாலும் பரவாயில்லை, பேச்சைக் கொடுங்கள் என்று கேட்க வேண்டும் போலிருந்தது. அவரிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் முடிந்ததும் உறவினர்களை விரட்டிவிடுவார்கள். மருந்து, சோறு, படுக்கை எல்லாம் தாதியர் பொறுப்பு. இங்கே நோயாளியோடு எந்நேரமும் ஓர் ஆள் இருந்தாக வேண்டும். அட்டெண்டர் என்கிறார்கள். மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கீழே ஓடவும், ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கவும், இன்னாரின் ஆள் எங்கே என்று கத்தினால் கையைத் தூக்கவும் ஓர் ஆள். யாருமில்லாமல் வந்தவன் என்ன செய்வான் என்று கேட்டேன். அப்படியெல்லாம் யாரும் வர மாட்டார்கள் என்று நர்ஸ் ஆச்சரியமாகப் பார்த்தார்.

எங்களுக்கு ஓடிய ஆள் மல்லிகா. பள்ளிக்கூடத்தில் லீவு போட்டாள். காலையில் குழைவாகப் பிசைந்த இட்லி, மத்தியானம் ரசம் சாதம், எனக்குத் தனியாகக் கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும். "எங்க கே.ஜி.எஃப். களி அண்ணி. இந்த ஊருக்காரங்க மாரி உருண்டை பிடிக்க எனக்கு வராது" என்றாள். இங்கே களியை மெல்லாமல் விழுங்குகிறார்கள். நான் மென்றேன். அவள் சிரித்தாள். நான் சாப்பிடும்போது அண்ணன் வாயை அவள் துடைத்துக்கொண்டிருப்பாள். அத்தனை நாளில் ஒரு தடவைகூட, புடவை எடுத்தீர்களா, என்ன நிறம் என்று கேட்கவில்லை. பை என் நாற்காலிக்கு அடியிலேயே இருந்தது. நானும் காட்டவில்லை. ஒரு நாள் மாலை, காட்டிவிடலாம் என்று குனிந்து பையைத் தொட்டேன். மருந்துச் சீட்டு வந்தது. அவள் வாங்கிக்கொண்டு கீழே போய்விட்டாள். அவள் திரும்பி வருவதற்குள் என் தைரியம் போய்விட்டது.

இவருக்கு ஓரிரு சொற்கள் வந்தன. ஆமா, தண்ணி, வேணா. மற்றதெல்லாம் உள்ளே முட்டிக்கொண்டு நிற்பது முகத்தில் தெரியும். சொல் கிடைக்காதபோது கண்ணில் நீர் வரும். டீச்சர் என்ற சொல் வரவில்லை.

பயணம் செய்யலாம் என்று டாக்டர்கள் அனுமதித்த பிறகு, விமான நிலையத்துக்குப் போகும் வழியில் மல்லிகா வீட்டுக்குப் போனோம். நான் போட்ட திட்டம் அப்படியே நடந்தது. புடவை முதலில், துக்க வீடு கடைசியில்.

ஒரே ஒரு அறையும் சமையல்கட்டும். சுவரில் அவள் கணவர் படம், சந்தன மாலை, மேலே சின்ன சிவப்பு விளக்கு. பாயில் உட்கார்ந்தேன், இவரை நாற்காலியில் உட்கார வைத்தோம். துக்கம் கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. எப்படி ஆச்சு என்று கேட்க வேண்டும், அவர்கள் முதலிலிருந்து சொல்வார்கள். கேட்டேன்.

"அவருக்கும் கைதான் அண்ணி மொதல்ல போச்சி. டீ டம்ளரு நழுவுது. பேச்சு குழறுது. பித்தம்னு நெனச்சி படுக்க வெச்சேன். தூங்கி எழுந்தா சரியாயிடும்னேன். அப்புறமா பக்கத்துல ஒரு நர்சிங் ஹோமுக்குப் போனோம். அங்க ஸ்கேன் இல்ல. அங்கேருந்து இன்னொன்னு. கடைசியா அண்ணன சேர்த்தோமே, அங்க போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சி. மொதல்லயே இங்க வந்திருக்கணும்னாங்க."

துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி அந்தக் கதைக்கு ஒரு ஒழுங்கு வந்திருந்தது. எந்த இடத்தில் நிறுத்தி மூக்கைத் துடைப்பது என்பதுகூட அவளுக்குப் பழகியிருந்தது. தெரு முழுக்கக் கேட்ட கதை. வந்த அன்றே வந்து உட்கார்ந்திருந்தால் நானும் கேட்டிருப்பேன். கேட்டிருந்தால், தம்ளர் நழுவிய அந்தக் காலையில் நான் தையல்காரரிடம் போயிருக்க மாட்டேன். துக்கம் கேட்கிற வழக்கத்தை எவன் வைத்தானோ, எதற்கு வைத்தானோ தெரியாது. எங்களுக்கு அது தேவைப்பட்டது. நாங்கள் அதைக் கடைசி நாளுக்குத் தள்ளிவைத்தோம்.

மன்னித்துக்கொள் என்று சொல்ல வராமல், நாங்கள் வந்தது உனக்குத் தெரியாதே என்று ஏதோ உளறினேன்.

"வந்த அன்னிக்கே தெரியும் அண்ணி. கவிதா ஏர்போர்ட்டு போட்டோவ ஸ்டேட்டஸ்ல வெச்சிருந்திச்சி."

பிறகு ஏனம்மா கூப்பிடவில்லை என்று கேட்டேன்.

"கல்யாண வேலையா வந்திருக்கீங்க. நானா எப்படி கூப்பிடறது?" என்றாள். "போன மட்டும் கையிலயே வெச்சிருந்தேன்."

கல்யாணத்துக்கு நீ வந்துதான் ஆக வேண்டும், டிக்கெட் எடுத்து அனுப்புகிறேன் என்றேன். வருஷம் திரும்பட்டும் அண்ணி என்று தலையைக் குனிந்துகொண்டாள். கல்யாணம் தை மாசத்தில். அவளுக்கு வருஷம் திரும்புவது அதற்குப் பிறகு. அது தெரிந்துதான் கூப்பிட்டேனா என்று என்னையே நான் நம்ப முடியவில்லை.

வாசலில் கார் வந்து நின்றது. துக்க வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்ப வேண்டும். வாய் தவறிக்கூட வரேன் என்று சொல்லக் கூடாது, சொன்னால் இன்னொரு துக்கத்துக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். மல்லிகாவும் வாங்க என்றோ போங்க என்றோ சொல்லாமல், அண்ணனின் கையைப் பிடித்து நிலைப்படி தாண்ட வைத்தாள். முறை தெரிந்தவள்.

வாசலில் இவர் நின்றுவிட்டார். கார்க்காரர் கதவைத் திறந்தார், இவர் நகரவில்லை. மல்லிகாவைத் திரும்பிப் பார்த்தார். ஒத்திகை பார்க்கும்போது செய்வதுபோலத் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். உதடு ஒரு பக்கம் இழுத்தது.

"வ..." என்றார்.

தண்ணீர் கேட்கிறாரோ என்று நான் நினைத்தேன். அவர் கண்ணை மூடித் திறந்தார்.

"வரேன்" என்றார். "வரேன் மா."

யாரும் சொல்லிக் கொடுக்காத சொல். நான் சட்டென்று அவர் முழங்கையைப் பிடித்தேன், தடுக்கத்தான். மல்லிகாவின் முகம் உடைந்தது. ஆஸ்பத்திரியில் அத்தனை நாள் அழாதவள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "வாங்கண்ணா" என்றாள். "எப்ப வேணா வாங்கண்ணா."

பிறகு என்னைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, எதையோ எதிர்பார்ப்பவளாகக் கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றாள். நான் தலையை மட்டும் அசைத்துவிட்டுக் காரில் ஏறினேன். கல்யாணப் பை மடியில் இருந்தது. கார் அந்தத் தூண்களைத் தாண்டும்போது இவர் கண்ணாடிப் பக்கம் திரும்பி உதட்டை அசைத்து அந்தச் சொல்லை மறுபடியும் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றே எழுத்து. என் வாய்க்கு ஒரு குறையும் இல்லை. நான் அதைச் சொல்லவில்லை.